சேர்வரின் சாவி கனடாவில் இருந்தது

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்துக்கு யாரிடம் சாவி இருக்கிறது என்று 2023இல் கேட்டிருந்தால் ஊரில் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. தளம் இருந்தது, ஒவ்வொரு நாளும் திறந்தது, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் காலையில் எழும்பியதும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவ்வளவுதான் தெரியும். தளம் ஓடுகிற வாடகைக் கணினி, அதாவது சேர்வர், எந்த நாட்டில் இருக்கிறது, மாதக் காசு யாருடைய அட்டையில் இருந்து போகிறது, முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் பாஸ்வேர்ட் என்ன, தளத்தின் முகவரிப் பெயரான டொமைன் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, ஒன்றும் தெரியாது.

இலங்கையின் வன்னியில், பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் போனால் வருகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. தளத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிவித்தல், மரண அறிவித்தல், கோயில் திருவிழாப் படங்கள், இதெல்லாம் எல்லா ஊர்த் தளத்திலும் இருப்பவைதான். அதோடு பழைய படங்கள். 2009இல் இடம்பெயர்ந்து போனபோது வீடுகளில் இருந்த அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அதற்கு முன்பே வெளிநாடு போனவர்களிடமும் கொழும்பில் இருந்த சொந்தக்காரர்களிடமும் கலியாண வீட்டுப் படம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படம் என்று கொஞ்சம் தப்பியிருந்தது. நிலையத்து நூலகத்தைப் பார்க்கிற அக்கா 2016இல் இருந்து அவற்றை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, ஸ்கான் செய்து, இடது பக்கத்தில் இருந்து யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர் எழுதி ஏற்றிக்கொண்டு வருகிறார். இன்றைக்கு 1,900 படங்களுக்கு மேல் இருக்கிறது. சில வீடுகளில், இல்லாமல் போன பிள்ளையின் முகம் தெரிகிற ஒரே படம் அங்கேதான் இருக்கிறது, அதுவும் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்தபடி. சின்ன ஊர்த் தளம்தானே, இதற்குப் போய் இவ்வளவு பாதுகாப்பா என்று கேட்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாமல் இருப்பது இதனால்தான்.

2023 நவம்பரில், நல்ல மாரி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மாமா ஒருவர் தொலைபேசியில் எடுத்தார். "தம்பி, கூகிளில தேடி எங்கட சைற்றைத் திறந்தா சூதாட்டக் கடை மாதிரி ஏதோ வருது, என்னெண்டு ஒருக்காப் பார்." நான் மடிகணினியில் முகவரியைத் தட்டச்சு செய்து திறந்தேன். தளம் வழமை போலத்தான் இருந்தது. உங்கள் போனில்தான் ஏதோ பிழை மாமா என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து இலண்டனில் இருந்து ஒருவர், அப்புறம் பாரிசில் இருந்து ஒருவர் அதையே சொன்ன பிறகுதான் கைத்தொலைபேசியில் கூகிள் வழியாகப் போய்ப் பார்த்தேன். மாமா சொன்னது சரி.

இந்த வகைத் தாக்குதல் இப்படித்தான் வேலை செய்யும். உள்ளே வைக்கப்பட்ட நிரல், வருகிறவர் எங்கிருந்து வருகிறார், எந்தக் கருவியில் வருகிறார் என்று முதலில் பார்க்கும். தேடுபொறியில் இருந்து கைத்தொலைபேசியில் வந்தால் மட்டும் வேறு இடத்துக்குத் தள்ளிவிடும். நேரே முகவரி அடித்து வருகிறவருக்கும் நிர்வாகியாக உள்நுழைந்திருப்பவருக்கும் சுத்தமான தளத்தையே காட்டும். தளத்தைப் பராமரிக்கிறவருடைய கண்ணுக்கு மட்டும் நோய் தெரியாத மாதிரிச் செய்வதுதான் நோக்கம். ஆகவே ஊரில் யாராவது "தளத்தில் ஏதோ பிழை" என்று சொன்னால், உங்கள் திரையில் நன்றாகத் தெரிகிறது என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த இரண்டு நாளும் எத்தனை வயதானவர்கள் அந்தச் சூதாட்டப் பக்கத்தில் போய் விழுந்தார்களோ என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

சரி, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் உள்ளே போக வழியில்லை. தளத்தை 2016இல் கட்டிக்கொடுத்தது எங்கள் ஊர்த் தம்பி ஒருவர். அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார், ஒரு சதம் வாங்காமல் செய்தார், 2022 கடைசியில் கனடா போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒரு சொல்லும் இல்லை, ஊரில் இருந்து போனவர்கள் எவரையும் போனதற்காகக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அங்கே இரவு 2 மணி, வேலை முடிந்து வந்து படுத்த மனிதர், எழும்பி இருந்து என்னுடைய சாவியைச் சேர்வரில் சேர்த்துவிட்டார். தூரத்தில் இருந்து சேர்வருக்குள் போகிற வழி எஸ்எஸ்எச், அதற்கான சாவிக் கோப்பு அதுவரை இருந்த ஒரே இடம் அவருடைய மடிகணினி. அந்த மடிகணினி வழியில் எங்காவது உடைந்திருந்தால் எங்கள் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். டொமைன் விஷயம் இன்னும் மோசம். காலாவதி நினைவூட்டல் எல்லாம் அவருடைய பழைய மாணவர் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்த மின்னஞ்சல் மூடப்பட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. நாங்கள் பார்த்த அன்று டொமைன் காலாவதியாக 23 நாள்தான் மிச்சம்.

சேர்வரில் ஓடிய இயங்குதளம் உபுண்டு 16.04. அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 ஏப்ரலோடு நின்றுவிட்டன, அதாவது இரண்டரை வருடமாக ஒரு திருத்தமும் இல்லாமல் இயந்திரம் திறந்த வெளியில் நின்றிருக்கிறது. மேலே, தளத்தை நடத்துகிற மென்பொருளான வேர்ட்பிரஸ். அதன் மேல், தளத்தின் தோற்றத்தை அமைக்கிற, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு 'தீம்', அதை யாரோ பூட்டை உடைத்து இலவசமாகப் போட்டிருந்த இடத்தில் இருந்து இறக்கிப் போட்டிருந்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்றும் எனக்கு விளங்கும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதத்துக்குள் 360 வரைக்கும் போனது, 1,000 ரூபாயாக இருந்த 5 டொலர் சேர்வர் 1,800 ரூபாய் ஆனது, அட்டையில் டொலர் கட்டுவதே பெரும்பாடாக இருந்த காலம். ஆனால் பூட்டு உடைத்த தீம் ஒன்றை யாரும் தர்மத்துக்குப் போட்டு வைப்பதில்லை. உடைத்தவர் தனக்கென்று ஒரு கதவை உள்ளே விட்டுவிட்டுத்தான் கொடுப்பார். வேர்ட்பிரஸின் சொந்த இலவசத் தீமே போதும், எங்கள் தளம் இப்போது அதில்தான் ஓடுகிறது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

படங்கள் ஏற்றுகிற கோப்புறையில், 2019ஆம் ஆண்டுப் படங்களுக்கு நடுவில், ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சேர்வர் ஓட்டக்கூடிய நிரல், இருந்தது. அதன் மாற்றத் தேதியும் 2019 என்றே காட்டியது, அதனால் முதலில் பழையது என்று நினைத்தேன். அந்தத் தேதியை எவரும் ஒரே கட்டளையில் விரும்பியபடி மாற்றலாம். ஸ்டாட் கட்டளையில் பார்த்தால் இன்னொரு நேரமும் காட்டும், சிடைம் என்பார்கள், கோப்பின் விவரம் கடைசியாக மாறிய நேரம். அதை அவ்வளவு சுலபமாகப் பொய்யாக்க முடியாது. அது 2023 ஒக்ரோபர் என்றது. அழித்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து நின்றது. தேடிப் பார்த்தால் குறித்த நேரங்களில் தானாக வேலையை ஓட்டுகிற கிரோன் அட்டவணையில், வெப் சேர்வர் பயனருடைய பெயரில் ஒரு வரி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியில் இருந்து அதையே மறுபடி இறக்குகிறது. வேர்ட்பிரஸில் நாங்கள் யாரும் உருவாக்காத ஒரு நிர்வாகி வேறு இருந்தார்.

கிரோன் வரியையும் அழித்து அந்த நிர்வாகியையும் நீக்கிவிட்டால் முடிந்தது என்று அன்று இரவு ஆசையாகத்தான் இருந்தது. செய்யவில்லை. ஒருவர் உள்ளே வந்து ஒரு மாதம் இருந்திருக்கிறார், அவர் தொட்டது எது தொடாதது எது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. கண்டது மூன்று, காணாதது எத்தனை? அந்த இயந்திரத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுவதுதான் சரி, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தரவுத்தளத்தில் இருந்து பதிவுகளையும் பெயர்களையும் மட்டும் எடுத்து, வேர்ட்பிரஸை அதன் சொந்தத் தளத்தில் இருந்து புதிதாக இறக்கி, படங்களை அக்காவின் வன்தட்டில் இருந்து ஏற்றினோம். அக்கா ஸ்கான் செய்த எல்லாவற்றையும் ஒரு வன்தட்டில் போட்டு, பொலித்தீனில் சுற்றி, நிலையத்து அலுமாரியில் வைத்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்த மனிதருக்கு பாக்கப் என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கடைசி மூன்று மாதத்து 64 படங்கள் மட்டும் சேர்வரில்தான் இருந்தன, ஆட்கள் நேரடியாக ஏற்றியவை. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, படக்கருவி ஒன்றின் வழியாகப் புதிய கோப்பாக மறுபடி எழுதி எடுத்தோம், ஏனென்றால் படக் கோப்புக்குள் நிரல் வரிகளை ஒளித்து வைப்பதும் நடக்கிற காரியம்.

புதிய சேர்வரை எடுத்த முதல் இரவு, வந்துபோகிறவர்களைப் பதிகிற லொக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். டொமைனை இன்னும் அதன் பக்கம் திருப்பவில்லை, முகவரி வெறும் நான்கு எண்கள், உலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எஸ்எஸ்எச்சின் கதவான 22ஆம் போர்ட்டில் வந்து தட்டத் தொடங்கிவிட்டார்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஒரக்கிள், போஸ்ட்கிரஸ் என்று பெயர் மாற்றி மாற்றி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டு பாஸ்வேர்ட். இதில் எங்கள் ஊர் மேல் யாருக்கும் தனிப் பகை கிடையாது. ஐபிவி4 என்கிற இந்த நான்கு எண் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், ஒரு போர்ட்டுக்காக அவ்வளவு முகவரியையும் ஒரே இயந்திரத்தில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று 2013இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசட்மாப் என்ற கருவியை எழுதியவர்கள் செய்து காட்டிவிட்டார்கள். தட்டுகிற நிரலுக்கு அது வங்கியா, சனசமூக நிலையமா என்று தெரியாது. அதற்குத் தேவை ஒரு திறந்த கதவு மட்டும்.

ஆகவே முதல் வேலை, பாஸ்வேர்ட்டால் உள்நுழைவதை முழுக்க நிறுத்தி, சாவிக் கோப்பால் மட்டும் என்று மாற்றுவது. சாவிக்கும் ஒரு கடவுச்சொல் போடுங்கள், மடிகணினி களவு போனால் அதுதான் உங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் இருக்கிற வேலி. ரூட் நேரடியாக உள்நுழைவதையும் நிறுத்துங்கள். இதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழப் பார்த்தேன், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். எஸ்எஸ்எச்சின் முதன்மை அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் வரியை "நோ" என்று மாற்றிவிட்டு முடிந்தது என்று எழும்பிப் போகக் கூடாது. உபுண்டு 22.04இல் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே இன்னொரு கோப்புறையில் உள்ள துண்டுக் கோப்புகளையும் வாசி என்று ஒரு வரி இருக்கிறது, எஸ்எஸ்எச் ஒரு அமைப்பை முதன்முதலில் எங்கே காண்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கணக்கெடுக்காது. வாடகைச் சேர்வர்களை முதலில் ஆயத்தப்படுத்துகிற கிளவுட்-இனிட், அந்தக் கோப்புறைக்குள் 50 என்று தொடங்கும் கோப்பு ஒன்றில் "யெஸ்" என்று எழுதி வைத்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. நான் பூட்டினேன் என்று நினைத்த கதவு திறந்தே கிடந்தது. எஸ்எஸ்எச்டி கட்டளைக்குப் பெரிய எழுத்து டீயைக் கொடுத்து ஓட்டினால் உண்மையில் நடைமுறையில் இருக்கிற அமைப்பு முழுவதையும் காட்டும், அதைப் பாருங்கள். அப்புறம் சாவி இல்லாத வேறொரு கணினியில் இருந்து பாஸ்வேர்ட்டோடு உள்ளே போக முயன்று, அது மறுப்பதைக் கண்ணால் பாருங்கள்.

இதையெல்லாம் மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கிற டெர்மினலை மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலில் புதிதாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை விட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது அப்படி இல்லை, ஆனால் மாரியில் ஒரு மரம் கம்பியில் விழுந்தால் போதும், வீட்டு ரவுட்டர் செத்துவிடும். பெரிய அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் பொதி நிறுவுவது பாதியில் நின்று சேர்வர் அரைகுறையாகக் கிடக்கும். அதனால் எந்த வேலையையும் டிமக்ஸ் என்ற கருவிக்குள் இருந்து செய்யப் பழகுங்கள். இங்கே லைட் போனாலும் அங்கே வேலை தொடர்ந்து ஓடும், திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு இது நான்கு தடவை கைகொடுத்திருக்கிறது.

போர்ட்டை 22இல் இருந்து வேறு எண்ணுக்கு மாற்றுவது, ஃபெயில்2பான் போட்டுத் தட்டுகிறவர்களைத் தடை செய்வது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டும் லொக்கில் இரைச்சலைக் குறைக்கும், அது நல்லதுதான். சாவி மட்டும் என்று ஆக்கிய பிறகு அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. ஃபயர்வோலில் எஸ்எஸ்எச்சுக்கு 22, தளத்துக்கு 80, 443 என்ற மூன்றைத் தவிர மிச்சத்தை மூடுங்கள், தரவுத்தளத்தின் 3306 வெளியில் தெரியவே கூடாது, அது உள்ளூர் முகவரியில் மட்டும் கேட்டால் போதும். டொக்கர் பாவிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: டொக்கர் வெளியிடுகிற போர்ட், உபுண்டுவின் ஃபயர்வோல் கருவியான யூஎப்டபிள்யூவின் விதிகளைக் கடந்து போய்விடும். மூடியிருக்கிறேன் என்று நீங்கள் நினைத்த போர்ட் வெளியில் இருந்து திறந்திருக்கும்.

எங்களுக்கு நடந்ததைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே மாற்றம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், படங்கள் ஏற்றுகிற கோப்புறைக்குள் பிஎச்பி ஓடக் கூடாது என்று வெப் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்பில் எழுதுகிற நான்கு வரியைத்தான் சொல்வேன். அந்தக் கோப்புறை படத்துக்கானது, அங்கே நிரல் ஓடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. அந்த வரி இருந்திருந்தால் தீமின் கதவால் வந்தவர் அங்கே கோப்பை வைத்திருந்தாலும் அதை இயக்கியிருக்க முடியாது, வேறு இடம் தேட வேண்டி வந்திருக்கும். மற்றக் கோப்புறைகளில் வெப் சேர்வர் பயனருக்கு எழுதும் உரிமை கொடுக்காவிட்டால் அந்த வேறு இடமும் கிடைத்திருக்காது. பழைய சேர்வரில் எல்லாமே 777, அதாவது எவரும் வாசிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். ஏதோ ஒரு நாள் படம் ஏறவில்லை, யாரோ 777 போடச் சொல்லியிருக்கிறார்கள், ஏறிவிட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்று வைத்து, படம் ஏறாவிட்டால் உரிமையாளர் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். வேர்ட்பிரஸில் பாவிக்காத பிளகின்களை, அதாவது துணை நிரல்களை, நிறுத்தி மட்டும் வைக்காமல் அழித்தே விடுங்கள், நிறுத்திய பிளகினின் கோப்பு சேர்வரில் கிடக்கும்வரை வெளியில் இருந்து அதை நேரே கூப்பிட வழி இருக்கிறது.

உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்புத் திருத்தத்தை முடுக்கிவிட்டேன், ஆனால் அது உபுண்டுவின் பொதிகளை மட்டும்தான் பார்க்கும், வேர்ட்பிரஸ் பிளகின்களை அது தொடாது, அதற்குத் தனியாக வேர்ட்பிரஸுக்குள்ளேயே தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தேன். தானாகப் புதுப்பித்தால் ஒரு நாள் தளம் உடைந்து போகுமே என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உடைந்தால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம். உள்ளே ஆள் வந்தால் என்னவாகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குத் திருத்தம் வந்தால் மறுதொடக்கம் வேண்டும், அதை நான் எங்கள் மத்தியானம் 12 மணிக்கு வைத்திருக்கிறேன். பொதுவாக நள்ளிரவில் வைப்பார்கள், ஆனால் எங்கள் நள்ளிரவில் கனடாவில் பிற்பகல், இலண்டனில் மாலை, அங்கே ஆட்கள் வேலை விட்டு வந்து தளத்தைப் பார்க்கிற நேரம். எங்கள் மத்தியானத்தில் ரொறன்ரோ நித்திரை, இலண்டன் அப்போதுதான் எழும்புகிறது.

உலாவியில் தளம் பாதுகாப்பானது என்று காட்டுகிற பூட்டுச் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட், காசில்லை, 90 நாளுக்கு ஒன்று, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்கத் தவறினால் முன்பு அவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள், ஆகவே நாமே கண்காணிக்க வேண்டும். எல்லாம் 443இல்தானே போகிறது என்று 80ஆம் போர்ட்டை மூடிவிடாதீர்கள். வழமையான சரிபார்ப்பு 80ஆம் போர்ட்டால்தான் வரும், மூடினால் மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் தளம் "பாதுகாப்பற்றது" என்று நிற்கும்.

இனி பாக்கப். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேர்வரில் நடந்ததை நான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். கப்பம் கேட்கிற நிரல் உள்ளே புகுந்து கோப்புகளைப் பூட்டியது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன, அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. பாக்கப் இல்லாமல் இல்லை. அதுவும் தாக்குதல் எட்டக்கூடிய இடத்தில் இருந்தபடியால் சேர்ந்தே பூட்டப்பட்டது. எங்கள் பழைய சேர்வரிலும் தினமும் பாக்கப் ஓடியிருக்கிறது, அதே சேர்வரின் இன்னொரு கோப்புறைக்குள், நோயையும் சேர்த்து ஒழுங்காக நகலெடுத்தபடி.

இப்போது நிலையத்து நூலகத்தில் ஒரு பழைய மடிகணினி இருக்கிறது, லினக்ஸ் போட்டது. அதுதான் ஒவ்வொரு நாளும் சேர்வருக்குப் போய், வாசிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு சாவியால் கோப்புகளை இழுத்துக்கொண்டு வருகிறது. சேர்வரிடம் அந்த மடிகணினிக்குள் போகிற சாவி எதுவும் இல்லை. நாளைக்கு ஒருவர் சேர்வரை முழுதாகப் பிடித்தாலும் நூலகத்தில் இருப்பதை அவரால் அழிக்க முடியாது. சேர்வரில் இருந்து பாக்கப்பைத் தள்ளுவதற்கும் வெளியில் இருந்து இழுப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் பலருக்குச் சின்னதாகத் தெரிகிறது, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நகலெடுக்கிற கருவியான ஆர்சிங்க் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தேதிக் கோப்புறை போடுகிறது, மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல் ஹார்ட் லிங்க்கால், அதாவது பழைய நகலுக்கே இன்னொரு பெயர் கொடுத்து, காட்டுவதால் இடம் அதிகம் பிடிப்பதில்லை, நேற்றைக்குக் கெட்டுப்போன கோப்பு முந்தநாள் நல்லதாக இருந்தால் முந்தநாளைக்குப் போகலாம். தரவுத்தளத்தை ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பாக அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதியது பாதி எழுதாதது என்று வரும், முழுத் தரவையும் ஒரு கோப்பாக எழுதுகிற டம்ப் எடுத்து அதைத்தான் இழுக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு வன்தட்டுக்குப் போட்டு, அது கிளிநொச்சி நகரத்தில் வேறொரு வீட்டில் இருக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்தபோது தண்ணீர் எங்கெல்லாம் வந்தது என்று பார்த்த பிறகு, இரண்டு நகலையும் ஒரே ஊரில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

லொக்கை வாரம் ஒருமுறை உட்கார்ந்து வாசிக்கிறோம். மாரி தொடங்க முன்னர் குளக்கட்டில் நடந்து எலி வளை இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி நடந்து பார்க்கிறதுதான். யார் உள்நுழைந்தார்கள், புதிய நிர்வாகி யாராவது இருக்கிறாரா, கிரோனில் தெரியாத வரி இருக்கிறதா, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது. கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்காது.

எழுத உட்கார்ந்ததே சாவி பற்றிச் சொல்லத்தான், அதற்கு வருகிறேன். ஒருவர் தனியாகச் சுமக்கிற எதுவும் ஆபத்து என்பதை 2024இல் எக்ஸ்இசட் விஷயத்தில் உலகமே பார்த்தது. லினக்ஸ் சேர்வர்களில் பரவலாக இருக்கிற, கோப்புகளைச் சுருக்கும் கருவி அது, அதைக் களைத்துப்போன ஒரு மனிதர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையை வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை வைத்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழமையைவிட அரைச் செக்கன் பிந்துவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃபிரோய்ண்ட் என்ற பொறியியலாளர் தோண்டிப் பார்த்து, மார்ச் 29ஆம் திகதி அறிவித்ததால் அது பெரும்பாலான சேர்வர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் களைத்த மனிதரின் இடத்தில் எனக்கு எங்கள் ஊர்த் தம்பிதான் தெரிந்தார், ஆறு வருடம் தனியாக, கேட்பாரில்லாமல், தன் கைக்காசில் சேர்வர் கட்டி.

வன்னியில் சேர்வர் பார்க்கிற எவரும் ஒரு நாள் போய்விடக்கூடும் என்று வைத்துத்தான் அமைக்க வேண்டும். நானும் அப்படித்தான். ஆகவே டொமைனும் சேர்வர் கணக்கும் இப்போது நிலையத்தின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன, எந்த ஆளின் மின்னஞ்சலிலும் இல்லை. காசு நிலையத்தின் கணக்கில் இருந்து போகிறது, செயலாளரின் கணக்குப் புத்தகத்தில் மின்சாரக் கட்டணத்துக்கு அடுத்த வரியில் அது இருக்கிறது. சேர்வருக்குள் போகக்கூடியவர்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு பயனர் பெயர், ஆளுக்கு ஒரு சாவி, பொதுச் சாவி என்று ஒன்று கிடையாது. மூவரில் ஒருவர் அறிவியல் நகரில் படிக்கிற தங்கச்சி. யாராவது ஊரைவிட்டுப் போனால் பயணம் சொல்ல வருகிற அன்றைக்கே அவருடைய சாவியை அவர் முன்னாலேயே எடுத்துவிடுகிறோம். அவநம்பிக்கை என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. போகிறவருக்கும் அது ஒரு பாரம் இறங்கின மாதிரித்தான். கனடாவில் இருக்கிற தம்பியுடைய சாவியையும் அவரோடு பேசிக்கொண்டே எடுத்தேன், "நல்லது அண்ணா, இனி நிம்மதியாப் படுக்கலாம்" என்றார்.

மீட்புக் குறியீடுகள், சேர்வர் விற்கிற நிறுவனத்தின் கணக்கு விவரம், மடிகணினியின் வட்டுப் பூட்டைத் திறக்கிற கடவுச்சொல், மூன்றையும் தாளில் எழுதி உறையில் ஒட்டி நிலையத்து இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். தலைவரும் அக்காவும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். உறையின் மேல் திகதியும் மூன்று பேரின் கையெழுத்தும் இருக்கும், விவரம் மாறினால் பழையதை எரித்துவிட்டுப் புதியது.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நூலகத்தில் கூடுகிறோம். சேர்வர் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்த ஒரு புதிய இயந்திரத்தில், மடிகணினியில் இருக்கிற பாக்கப்பை மட்டும் கொண்டு தளத்தை முழுதாக எழுப்புவது. அப்புறம் அக்கா தன் கொப்பியில் இருந்து ஏதாவது ஒரு படத்தின் எண்ணைச் சொல்வார், அது திறக்க வேண்டும், பெயர்கள் இடமிருந்து வலம் சரியாக வர வேண்டும். முதல் தடவை 3 மணி நேரம் எடுத்தது, அதுவும் தரவுத்தளப் பயனரின் கடவுச்சொல்லை எங்கேயும் எழுதி வைக்காததால். போன மாதம் தங்கச்சி தனியாகச் செய்தார், நான் கதிரையை விட்டு எழும்பவில்லை, 41 நிமிடம். அக்கா கேட்ட எண் 812, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படம். மூன்றாவது வரிசை வரைக்கும் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கொப்பியில் திகதி போட்டார். வாடகை இயந்திரத்தை அழித்துவிட்டு எல்லோருமாகத் தேத்தண்ணீர் குடிக்கப் போனோம்.